மேற்கு அறைக்குப் போன வயர்

அந்தப் பகுதியில் ஏ.சி. மக்கர் செய்தாலும் ஹீட்டர் கண்ணை மூடினாலும் ஜனங்கள் முதலில் கூப்பிடுவது கூலிங்கக்காவைத்தான். சொந்தப் பெயர் அவளுடைய அடையாள அட்டையில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். வயது நாற்பத்தாறு. அதில் பன்னிரண்டு வருஷத்தை உதிரிபாகக் கடை ஒன்றில் நின்றே கழித்தவள். வருகிற மெக்கானிக்குகள் எல்லாம் எது போச்சு, ஏன் போச்சு என்று கவுண்டரில் சாய்ந்துகொண்டு புலம்புவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். மீதிப் பாதிக்குத் தன் வீட்டு ஏ.சி.யையே பலி கொடுத்தாள். அந்தக் கோடை முழுவதும் வியர்த்து வழிந்தபடி தையல் மெஷினை மிதித்த அவள் கணவர், இன்றைக்கும் வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

இரண்டு மூன்று வருஷமாக அவளுக்குப் புது வேலை ஒன்று சேர்ந்திருந்தது. பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டுவது. உள்ளங்கை அகலத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வட்டம். வீட்டின் சூட்டைப் பார்த்து ஏ.சி.யையோ ஹீட்டரையோ தானே ஓட்டும், தானே நிறுத்தும். அதை வீட்டு ஆட்டோமேஷன் பெட்டியோடு இணைத்துவிட்டால் விளக்கு, கதவு, ஜன்னல் திரை எல்லாம் ஒரே பேச்சைக் கேட்கும். வாங்கியவர்கள் ஒரு வாரம் போனைத் தட்டித் தட்டி விளையாடுவார்கள். அப்புறம் மறந்துபோவார்கள். கையில் காசு இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோடை தொடங்குகிற சமயத்தில் ஒரு போன் வந்தது. வயதானவர் குரல், நிதானமாகப் பேசியது.

"எங்க வீட்ல லைட்டு, கதவு எல்லாம் பேச்சுக்குக் கட்டுப்படுதும்மா. இந்த ஏ.சி. மட்டும்தான் சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குது. அதையும் சேர்த்துக் கட்டிவிட முடியுமா?"

"முடியும் ஐயா. எத்தனை ரூமு?"

"மூணு ரூம் இருக்கு. ஆனா ஒரு ரூம்தான் முக்கியம்."

ஓட்டு வீடு, சிறியது. நடைவழி ஒன்று, இரண்டு பக்கமும் அறைகள். அந்தப் பெரியவர் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நின்றே வேலை பார்த்த மனிதர் என்பது அவர் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. மேற்குப் பார்த்த அறையில் அவருடைய மகள் படுத்திருந்தாள். முப்பத்து நான்கு வயது, நில அளவையாளர். ஒரு மலைச்சரிவில் அளவுக்கம்பத்தோடு பின்னால் நகர்ந்தபோது கால் வழுக்கி விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிப்போயிற்று. நான்கு வருஷம் ஆகிறது. முகம், தோள், வலது முழங்கை மடக்கு, இவ்வளவுதான் அவள் சொன்னால் கேட்கும்.

"வாங்க அக்கா. நீங்கதான் கூலிங்கக்காவா? அப்பா உங்க பேரைக் கேட்டு ரெண்டு நாளா சிரிச்சிட்டிருக்கார்."

"சிரிக்கட்டும் மேடம். பில்லுல அந்தப் பேரையே போட்டுத் தர்றேன்."

"மேடம் எல்லாம் வேணாம். எனக்கு ஏ.சி. எதுக்குன்னு சொல்லிடறேன், அப்புறம் வேலையைப் பாருங்க. எனக்கு வேர்க்காது."

கூலிங்கக்கா சிரித்துவிட்டாள். "கொடுத்துவச்சவங்க நீங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." அவளும் சிரித்தாள். "கழுத்துக்குக் கீழ ஒரு சொட்டு வேர்வை வராது. குளிர்ல நடுங்கவும் நடுங்காது. வெளியில நாப்பது டிகிரின்னா என் உடம்பும் கூடவே ஏறும். வெளியில குளிர்னா கூடவே இறங்கும். பல்லி மாதிரி."

"அது எப்படிங்க? தலை நல்லாத்தானே இருக்கு?"

"தலைக்குள்ள ஒரு தெர்மோஸ்டாட் இருக்கு அக்கா. எல்லாருக்கும் இருக்கு. பட்டாணி அளவுன்னு வச்சுக்கங்க. அது என்கிட்டயும் நல்லாத்தான் இருக்கு. சூடாயிடுச்சு, வேர்வையைத் திறந்து விடுன்னு இப்பவும் கத்திட்டேதான் இருக்கும். கீழ போற வயர்தான் அறுந்துபோச்சு."

கூலிங்கக்கா கையிலிருந்த டெஸ்டரைப் பையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். டாக்டர்கள் சொல்லியிருந்தால் அவளுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கும். வயர் அறுந்துபோச்சு என்ற சொல் நேராக உள்ளே இறங்கிவிட்டது. தெர்மோஸ்டாட் சரியாக இருக்கும், மெஷினும் சரியாக இருக்கும், நடுவில் ஒரு வயர் எலி கடித்து அறுந்திருக்கும். இப்படி எத்தனை வீடு பார்த்திருக்கிறாள். ஆறடி வயர் மாற்றினால் வேலை முடிந்தது. இந்த வயரை மாற்ற உலகத்தில் ஆள் இல்லை.

சாமான் எடுப்பதற்காக வேனுக்குப் போனாள். வெயில் சுட்டது. கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். நெற்றியிலிருந்து ஒரு துளி புருவத்தில் இறங்கிற்று. முதுகில் இன்னொன்று ஊர்ந்தது. யாரும் சொல்லாமல், எந்த பட்டனையும் அழுத்தாமல், நாற்பத்தாறு வருஷமாக ஒரு நாள்கூடப் பழுது என்று நிற்காமல் அவளுக்குள் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலே இதுதான் என்றிருந்தவள், இதை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. துடைக்க எடுத்த கைக்குட்டையை மடித்து வைத்தாள்.

வேலை அன்றைக்கே முடிந்தது. நடைவழியில் பழைய தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் நான்கு வயர்தான் இருந்தது. புதியதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும் என்பதால் ஐந்தாவது வயர் ஒன்றைக் கூரைக்கு மேலாக இழுத்துவந்தாள். மேற்கு அறையில், கட்டிலுக்கு அருகே, வெயிலும் காற்றும் நேரடியாகப் படாத இடமாகப் பார்த்து சூட்டை அளக்கும் வயரில்லாத சென்சார் ஒன்றை ஒட்டினாள். பிறகு தெர்மோஸ்டாட்டை வீட்டுப் பெட்டியோடு இணைக்கவேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று சுலபம். தயாரித்த நிறுவனத்தின் சர்வர் வழியாக இன்டர்நெட்டில் போய்ச் சுற்றிவருவது. போனில் நான்கு இடத்தில் 'சரி' என்று தட்டினால் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. இன்னொன்று வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது. அதற்கு ஒரு நாள் உட்காரவேண்டும். அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். பத்து நிமிஷ வழி.

"மேற்கு அறை, இருபத்து மூணு" என்று மகள் சொன்னாள். மெஷின் 'டக்' என்று கிளம்பிற்று. பெரியவர் கூரைக் குழாயிலிருந்து வந்த காற்றுக்குக் கீழே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஏதோ விருந்தாளியை வரவேற்பதுபோல நின்றார்.

மூன்று வாரம் கழித்து மகளே போன் செய்தாள்.

"அக்கா, திட்டறதுக்குக் கூப்பிடலை. ஒரு கணக்கு இடிக்குது. வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

போன பிறகுதான் நடந்தது தெரிந்தது. அதற்கு முந்தைய நாள் பகலில், மெஷின்தான் பார்த்துக்கொள்கிறதே என்ற தைரியத்தில், பெரியவர் மருந்து வாங்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நான்கு வருஷத்தில் முதல் முறையாக, வெயில் நேரத்தில், மகளைத் தனியாக விட்டுவிட்டு. தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார்கள். மேற்கு அறை சென்சார் சொல்வது சர்வரைச் சுற்றித்தான் தெர்மோஸ்டாட்டுக்கு வரவேண்டும், வரவில்லை. தகவல் வராததால் தெர்மோஸ்டாட் தான் இருக்கும் நடைவழியின் சூட்டைப் பார்த்தது. நடைவழி நிழல். அங்கே இதமாகத்தான் இருந்தது. போதும் என்று அது மெஷினை நிறுத்திவிட்டது.

மேற்கு ஜன்னலில் வெயில் ஏறியிருக்கிறது. மகள், குரல் கேட்டு வேலை செய்யும் பேச்சுப் பெட்டியைக் கூப்பிட்டிருக்கிறாள். "மன்னிக்கவும், இப்போது இணைப்பு இல்லை" என்று அது பணிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பாவுக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அதே பதில். கூடத்தில் சார்ஜில் கிடந்த அவளுடைய போனுக்கும் அவளுக்கும் இடையே பன்னிரண்டு அடி. பெரியவர் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அறை முப்பத்து நான்கு, மகளின் உடம்பு முப்பத்தெட்டே முக்கால். முகம் செக்கச் சிவந்திருந்தது. ஈரத்துணியும் விசிறியுமாக அதை இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பழியைக் கேபிளை வெட்டியவன் மேல் போடலாம், தயாரித்தவர்கள் மேல் போடலாம். இரண்டும் கூலிங்கக்காவுக்கு வாய்வரை வந்தது.

"தப்பு என்னோடதுங்க" என்றாள். "வேற வழி இருந்துச்சு. நேரமாகும்னு விட்டேன்."

பெரியவர் உள்ளே போனார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மகள்தான் சொன்னாள்: "சரி, இப்ப நேரம் இருக்கா?"

"எத்தனை நாள் வேணாலும் இருக்கு."

"அப்ப அந்த நோட்டெல்லாம் எடுத்துக் காட்டுங்கப்பா."

பெரியவர் தயங்கினார். "அதெல்லாம் எதுக்குடி, கிறுக்கி வச்சது." ஆனாலும் அலமாரியைத் திறந்தார். கனத்த அட்டை போட்ட நோட்டுகள் பதினொன்று, முதுகு வரிசையாகத் தெரிய அடுக்கியிருந்தன. கடிதம் அடுக்கிய கை.

கூலிங்கக்கா ஒன்றைப் பிரித்தாள். நான்கு கட்டம் போட்ட பக்கங்கள். மணி, அறை, உடம்பு, செய்தது. '1.20 – 29 – 37.4 – போர்வை எடுத்தேன். 1.50 – 29 – 37.5 – காலில் ஈரத்துணி. 2.30 – 28 – 37.1 – துணி எடுத்தேன்.' அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும். குளிர்காலத்தில் கம்பளி, வெந்நீர்ப் பை, கைகளைத் தேய்த்தேன். அரை மணிக்கு ஒருமுறை, சில நாளில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை. பகல், இரவு, ஞாயிற்றுக்கிழமை என்று எந்த வித்தியாசமும் இல்லை. நான்கு வருஷம்.

"ஐயா, நீங்க எப்பங்க தூங்குவீங்க?"

"நடுவுல நடுவுல" என்றார் அவர், அது ஒரு பெரிய விஷயமில்லை என்பதுபோல.

இத்தனை வருஷத்தில் அவள் எவ்வளவோ மெஷின் பார்த்திருக்கிறாள். பத்து வருஷ உத்தரவாதம் போட்டது, இருபது வருஷம் ஓடியது. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மகளுக்குள் அறுந்துபோன வயரின் இடத்தில் இந்த மனிதர் தன்னையே நீட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நோட்டை மூடுவதற்கு முன்னால் பக்கத்தின் ஓரம் மடங்கியிருந்ததைச் சரி செய்தாள். அதைத் தூக்கிக் கொடுத்தபோது இரண்டு கையாலும் கொடுத்தாள்.

மகள் ஏற்கெனவே ஏழு நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். பெரியவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார், அவள் வாயால் எண்களைச் சொல்வாள். சுவரில் இருந்த திரையில் அதைக் கோடாகப் போட்டுக் காட்டினாள். சிவப்புக் கோடு அறை, நீலக் கோடு உடம்பு.

"நல்லா பாருங்க அக்கா. சிவப்பு ஏறுது. நீலம் உடனே ஏறலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு, அதே மாதிரி ஏறுது. தெரியுதா?"

தெரிந்தது. ஒரு கோட்டின் பின்னால் இன்னொரு கோடு, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தைபோல, நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நீலக் கோடு எங்கேயும் ஒழுங்கான மேடாக இல்லை. ஏறப் போகிற இடத்திலெல்லாம் சின்னச் சின்னதாக மடங்கிக் கீழே இறங்கியிருந்தது.

"இந்த மடிப்பெல்லாம் என்ன?"

"அதெல்லாம் அப்பா."

திரை நகர்ந்துகொண்டே இருந்தது. மாதங்கள் போயின. மடிப்பு, மடிப்பு, மடிப்பு. ஒவ்வொன்றும் ஒரு ஈரத்துணி, ஒரு போர்வை, ஒரு முறை நாற்காலியிலிருந்து எழுந்தது. பெரியவர் தன் வேலையைப் படமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவைபோல. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். "இவ்வளவா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நான்கு நாளும் கூலிங்கக்கா வேறு போன் எடுக்கவில்லை. சர்வர் வழியை மொத்தமாகக் கழற்றி எறிந்தாள். வீட்டுப் பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் நேராகப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தாள். வயரில்லாத சென்சாரைப் பிடுங்கிவிட்டு, மேற்கு அறைக்கு உண்மையான வயரே இழுத்தாள். இனி பெட்டி படுத்தாலும் தெர்மோஸ்டாட் நடைவழியைப் பார்க்காது, அந்த அறையைத்தான் பார்க்கும். மின்சாரம் போனால் பெட்டி உயிரோடிருக்க பேட்டரி. இன்டர்நெட் போனால் தகவல் சொல்ல, சிம் போட்ட சின்ன மணி ஒன்று. அது பெரியவர் போனையும் அவள் போனையும் சேர்த்து அலறவைக்கும். அவள் கணவர் ஒரு மாலையில் வந்து ஜன்னலை அளந்துகொண்டுபோய், உள்ளே தடித்த துணி வைத்துத் தைத்த திரை கொண்டுவந்து மாட்டினார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு பாத்துக்கணும், அதானே?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா. மேல இருக்கிற மூளை செத்தாலும் கீழ இருக்கிறது வேலையை நிறுத்தக் கூடாது."

"எனக்கு அப்படியே தலைகீழ்."

கூலிங்கக்காவின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் நழுவிற்று. மகள் சிரிக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

விதிகளை எழுதியது மகள். அளவையாளர் புத்தி அது. அறை சூடான பிறகு குளிரவைத்துப் பயனில்லை, இரண்டு மணி நேரம் முந்திக்கொள்ளவேண்டும் என்றாள். மேற்கே வெயில் திரும்பும் முன்பே ஜன்னல் திரை இறங்கிவிடவேண்டும், அறை அரை டிகிரி குறைந்துவிடவேண்டும். தன் அக்குளில் புதிதாக ஒட்டிய வெப்பமானி உடம்பு மெல்ல ஏறுகிறது என்று சொன்னால் அறை மெல்ல இறங்கவேண்டும். வேகமாக ஏறினால் மணி அடிக்கவேண்டும், மனிதர் வரவேண்டும். "மெஷினுக்குக் காய்ச்சல் எது, வெயில் எதுன்னு தெரியாது" என்றாள். அவள் சொல்லச் சொல்ல கூலிங்கக்கா பெட்டியில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். எண்களெல்லாம் நோட்டிலிருந்து வந்தவை. எத்தனை டிகிரியில் பெரியவர் போர்வையை எடுத்தாரோ, அத்தனையில் காற்று வந்தது.

ஐந்தாம் நாள் சோதனை. வெளியே நாற்பத்தொன்று. பிற்பகல் ஆரம்பிக்கிற நேரத்தில் கூலிங்கக்கா வேண்டுமென்றே இன்டர்நெட்டைப் பிடுங்கினாள். மணி அலறிற்று, இரண்டு போனும் சேர்ந்து. மெஷின் நிற்கவில்லை. அரை மணி கழித்து வீட்டுப் பெட்டியையே அணைத்தாள். சுவரிலிருந்த தெர்மோஸ்டாட் ஒரு விநாடி யோசித்தது; 'டக்' என்றது; ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி உயிர்ப்பித்துவிட்டு மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவர் பன்னிரண்டாவது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்.

'2.00 – 23 – 36.8 –' நான்காவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். '2.30 – 23 – 36.8 –'. அடுத்த வரியில் மணியை மட்டும் எழுதியிருந்தார்.

"அப்பா" என்று மகள் மெல்லக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

நாற்காலியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நோட்டின் மேல் கையை வைத்தபடி அவர் தூங்கிவிட்டிருந்தார். கூலிங்கக்கா பேனாவை அவர் விரலிடுக்கிலிருந்து உருவினாள். அவர் அசையவில்லை.

திரையில் சிவப்புக் கோடு தட்டையாகப் போயிற்று. அதன் பின்னால் நீலக் கோடு, ஒரு மடிப்பும் இல்லாமல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை உருகுகிற வெயில். இந்தப் பக்கம் ஒரு பெண், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதவள், தன் வீட்டுச் சுவர்களாலும் ஜன்னல் திரையாலும் காற்றாலும் தன் உடம்பைத் தானே காத்துக்கொண்டு படுத்திருந்தாள். நடைவழியில் மெஷின் 'டக்' என்று நின்றது. பிறகு 'டக்' என்று கிளம்பியது. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். கூலிங்கக்காவுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அது குளிரால் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருபத்து மூன்று டிகிரியில் யாருக்கும் சிலிர்க்காது.

"அக்கா, பேசாம உக்காருங்க" என்று மகள் கிசுகிசுத்தாள். "இவர் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை."

ஐந்து மணி நேரம் அவர் தூங்கினார். கூலிங்கக்கா கிளம்பவில்லை. நடுவில் ஒருமுறை மகளுக்குத் தண்ணீர்க் குழாயை வாயில் வைத்தாள். மற்றபடி இரண்டு பேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டும், குறட்டை ஏறி இறங்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். விழித்ததும் பெரியவர் பதறி எழுந்து நேராக மகளின் நெற்றியைத் தொட்டார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு கூலிங்கக்காவைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

அதன்பிறகு அந்தக் கோடையில் அந்த வீட்டு மணி இரண்டு முறைதான் அடித்தது. ஒருமுறை கேபிள், ஒருமுறை உண்மையான காய்ச்சல். காய்ச்சல் வந்த அன்று பெட்டி தன்னால் ஆனதைச் செய்துவிட்டு, விதிப்படி மனிதர்களைக் கூப்பிட்டது. பெரியவர் மூன்று நாள் பழையபடி அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதினார். மற்ற நாளெல்லாம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நான்காவது கட்டத்தில் 'ஒன்றுமில்லை'.

மகளுக்குச் சிகிச்சை தரும் பயிற்சியாளர் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, இதேபோல் கழுத்தில் அடிபட்ட இன்னொருவர் வீட்டுக்குக் கூலிங்கக்காவின் நம்பரைக் கொடுத்தார். அங்கேயிருந்து வேறொரு வீடு. கூலிங்கக்கா இப்போது பத்து நிமிஷ வழியை யாருக்கும் செய்வதில்லை, போனைத் தட்டி விளையாடுகிறவர்களுக்கும்கூட. இந்த மாதிரி வீடுகளுக்குப் போகும்போது மட்டும் அவள் தனியாகப் போவதில்லை. கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் போனை நிறுத்திவைத்து, அளவையாளரைக் கூப்பிடுவாள்.

"லைன்ல இருக்கேன் அக்கா" என்று குரல் வரும். "முதல்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு காட்டுங்க. அப்புறம், ராத்திரி பகல்னு கூட இருந்து பாத்துக்கிறவங்க யாரோ அவங்களைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க."